அறுபத்தொரு சிவப்புப் பெட்டிகள்



இந்த வாரத் தியானத்திற்கென்று நான் எழுதத் தொடங்கியிருந்தது வேறொன்று. அதை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நம் சபை அலுவலகக் கணினியில் மூன்று வாரங்களாகத் தோன்றித் தோன்றி மறைந்த ஓர் எச்சரிப்பைப் பற்றியும், அதற்கு நான் கொடுத்த மதிப்பைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சபைக் கமிட்டியாரிடம் முன்னமே சொல்லிவிட்டேன். உங்களில் பலர் அனுப்பிய ஜெப விண்ணப்பங்கள் அந்த அஞ்சல் பெட்டியில் இருந்தபடியால், நீங்களும் அறிவது நியாயம்.

சனிக்கிழமை மாலையில் அலுவலகம் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு ஆராதனைக்குரிய அறிவிப்புத் தாள் தயாராக வேண்டும். பிறந்தநாள், திருமண நாள் பட்டியல் திருத்தப்பட வேண்டும். பாடல் எண்களைப் பாடகர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். கணினியில் தட்டச்சு செய்யும் தம்பி அப்படியொரு மாலையில் என்னை அழைத்தார். "ஐயா, மறுபடியும் வருது." திரையின் வலது மூலையில் சிவப்புக் கரையிட்ட ஒரு சிறு பெட்டி. சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் ஒன்று இருப்பதாக வைரஸ் தடுப்பு மென்பொருள் அறிவித்துக்கொண்டிருந்தது. அன்று காலையிலும் வந்தது, முந்தின நாளும் வந்தது. "மூடிடுங்க தம்பி, அது தினமும் அப்படித்தான் கத்தும்" என்றேன். அவர் மூடினார். அதன்பிறகு அவர் என்னைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

சில வாரங்கள் கழித்து, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின், ஓய்வுபெற்ற ஆசிரியையான ஒரு தாயார் என் அறை வாசலில் காத்திருந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். மெல்லிய குரலில், "ஐயா, அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். எந்தப் பிள்ளை என்று நான் விளங்காமல் நின்றேன். பத்து நாட்களுக்கு முன்பு என் பெயரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நம் சபையில் ஒரு குழந்தை இருதய அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பதையும், அந்தக் குடும்பம் கூச்சத்தால் யாரிடமும் கேட்கவில்லை என்பதையும், நான் கூட்டத்தில் இருப்பதால் தொலைபேசியில் பேச இயலாது என்பதையும், உடனே 15,000 ரூபாய் அனுப்பினால் நலம் என்பதையும், இதை ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்பதையும் அக்கடிதம் உருக்கமாகச் சொல்லியிருந்தது. அவர் யுபிஐ வழியாக அனுப்பிவிட்டார். சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்ததால், சொல்லாமலும் இருந்துவிட்டார்.

அந்தக் குழந்தை உண்மையில் நம் சபைக் குழந்தைதான். அறுவைச் சிகிச்சையும் உண்மைதான். அந்தச் செய்தி எங்கள் ஜெப விண்ணப்ப அஞ்சலில் மட்டுமே இருந்தது. அதுவே என்னை நடுங்கச் செய்தது.

பாடகர் குழுவில் டெனர் பாடும் ஓர் இளைஞர் கணினிப் பழுது பார்ப்பவர். (பாட்டில் சில நேரம் தாளம் தப்புவார், கணினியில் தப்புவதில்லை.) அவர் திங்கட்கிழமை வந்து அமர்ந்தார். முதலில் அவர் திறந்தது அந்த மென்பொருளின் பழைய பதிவேட்டை. அப்படியொன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று வாரத்தில் 61 எச்சரிப்புகள். அவற்றில் 59 ஒரே ஒரு மின்னஞ்சலைக் குறித்தவை: விலைப்பட்டியல் என்று பெயரிட்டு எவரோ அனுப்பிய ஓர் இணைப்புக் கோப்பு. அதை நாங்கள் ஒருவரும் திறக்கவில்லை. அதனால் யாதொரு தீங்கும் விளையவில்லை. மற்ற இரண்டும் வேறு மின்னஞ்சலைக் குறித்தவை. உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, கடவுச்சொல்லை உறுதிசெய்யுங்கள் என்று கேட்ட கடிதம் அது. வந்து சேர்ந்தபோது ஒரு சிவப்புப் பெட்டி, திறந்தபோது இன்னொரு சிவப்புப் பெட்டி. இரண்டும் மற்ற 59ஐப் போலவே மூடப்பட்டன. அந்தக் கடிதத்தைத் திறந்து, அதிலிருந்த சுட்டியை அழுத்தி, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தவன் நானே.

பின்பு அவர் அஞ்சல் கணக்கின் அமைப்புகளைத் திறந்து காட்டினார். நமக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் முன்பின் அறியாத ஒரு முகவரிக்குத் தானாகவே போய்ச் சேரும்படி ஒரு விதி அங்கே எழுதப்பட்டிருந்தது. நீங்கள் எனக்கென்று எழுதியதை வேறொருவன் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த விதியை அழித்தோம், கடவுச்சொல்லை மாற்றினோம், இருபடிச் சரிபார்ப்பை வைத்தோம். ஆனால் வாசித்ததை வாசிக்காததாக்க எவராலும் இயலாது. அந்த நாட்களில் உள்ளத்தைத் திறந்து எழுதியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரையும் நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டு வருகிறேன். இன்னும் சில வீடுகள் மீதி இருக்கின்றன.

அந்த ஒரே எச்சரிப்பு ஏன் 59 முறை வந்தது? அஞ்சல் பெட்டி என்பது நம் மேசைமேல் இருப்பதன்று. அது தொலைவிலுள்ள சர்வரில் இருக்கிறது. கணினியில் நாம் காண்பது அதன் நகல். வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்த நகலிலிருந்து தீய கோப்பை அகற்றுகிறது. அஞ்சல் நிரலோ அடுத்த முறை சர்வரோடு ஒப்பிட்டு, ஒன்று குறைகிறதே என்று மறுபடியும் இறக்கிக்கொள்கிறது. உடனே மறுபடியும் எச்சரிப்பு. காவலன் விரட்டுகிறான், வீட்டுக்காரரே பின்வாசல் வழியாக அழைத்துக்கொள்கிறார். இதற்குப் பரிகாரம் எளிது: பிரவுசர் வழியாக நேரே அஞ்சல் கணக்கில் நுழைந்து, அந்தக் கடிதத்தைத் திறவாமலே நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட வேண்டும். எங்களுக்கு அது நான்கு நிமிட வேலையாக இருந்தது. மூன்று வாரம் பொறுத்த எரிச்சல், நான்கு நிமிடம்!

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. சில அஞ்சல் நிரல்கள் ஒரு ஃபோல்டரிலுள்ள கடிதங்களையெல்லாம் ஒரே பெரிய கோப்பாகக் கட்டி வைக்கின்றன. நாம் ஒரு கடிதத்தை நீக்கினாலும், அந்தக் கோப்பைச் சுருக்கச் சொல்லும் வரையில் அதன் உடல் உள்ளேயே கிடக்கும். ஸ்கேன் செய்யும்போதெல்லாம் எச்சரிப்பு எழும். அத்தகைய வேளையில் எரிச்சல் கொண்டு, எச்சரிப்புப் பெட்டியிலேயே முழுக் கோப்பையும் அழிக்கும்படி அழுத்திவிட்டால், பல ஆண்டுக் கடிதங்களும் சேர்ந்து போய்விடக்கூடும். நிரலுக்குள் சென்று ஃபோல்டரைச் சுருக்குவதே சரியான வழி.

எச்சரிப்புப் போல வேடமிட்டு வருபவையும் உண்டு. ஏதோ ஓர் இணையதளத்தில் அறிவிப்புகளை அனுமதிக்கவா என்று கேட்டபோது நாம் சரி என்று அழுத்தியிருப்போம். அது முதல் உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள், உங்கள் சந்தா முடிந்தது, இந்த எண்ணை அழையுங்கள் என்று திரை மூலையில் வந்துகொண்டேயிருக்கும். அதை அனுப்புவது பிரவுசர் வழியாக அந்த இணையதளமே. பிரவுசரின் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற பகுதிக்குச் சென்று அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். தன் எச்சரிப்புகளில் ஒருபோதும் தொலைபேசி எண் இராது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. எண்ணோடு வரும் எச்சரிப்பை அழைக்காதிருங்கள்.

நான் செய்த தவறு எனக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்தபோது எனக்கு ஆறுதல் உண்டாகவில்லை, அச்சமே உண்டாயிற்று. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெரும் அங்காடி நிறுவனங்களில் ஒன்றான டார்கெட்டுக்குள் திருடர் நுழைந்தனர். நுழைந்த வாசல், அந்நிறுவனத்தில் குளிர்பதன வேலை செய்த ஓர் ஒப்பந்ததாரருக்குப் போன பொய் மின்னஞ்சல். அதைக் கண்டறியும் கருவியை டார்கெட் பெரும் பொருட்செலவில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. கருவியும் தன் கடமையைச் செய்தது. பெங்களூருவில் இரவும் பகலும் கண்காணித்த குழுவினர் எச்சரிப்பைக் கண்டு, மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தனர். அங்கிருந்தவர்கள் அதை ஆராய்ந்து, உடனே தொடர வேண்டியதில்லை என்று தீர்மானித்தனர். ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களும், 7 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்களும் களவு போயின. அன்றாடம் வந்து குவியும் எண்ணற்ற எச்சரிப்புகளில் அதுவும் ஒன்றாகிப் போனது. நம் சபையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலிய சகோதரிகளுக்கு இது புதிதன்று. ஓயாமல் ஒலிக்கும் கருவிகளிடையே, மெய்யாகவே உயிர் போகிற ஒலியைக் காது தவறவிடும் என்பதை அவர்கள் அறிவார்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயின்ட் கமிஷனுக்கு, 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை இவ்வகையில் வந்த 98 அறிக்கைகளில் 80 மரணத்தில் முடிந்தவை.

ஆகையால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே எச்சரிப்பு மீண்டும் மீண்டும் வருகிறதென்றால், அதன் பொருள் ஒருவரும் இன்னும் அதன் ஊற்றுக்கண்ணுக்குப் போகவில்லை என்பதே. அதை மூடுவது தீர்வன்று. மென்பொருளையே நிறுத்தி வைப்பது அதைவிடக் கேடு. மூடி மூடிப் பழகிய விரல், 60ஆம் முறை வருவது வேறொன்று என்பதை அறியாது.

நெகேமியாவின் ஆறாம் அதிகாரத்தை இந்த நாட்களில் மறுபடியும் வாசித்தேன். எருசலேமின் அலங்கம் கட்டப்படும்போது, சன்பல்லாத்தும் கூட்டாளிகளும் அவரை ஓனோவின் பள்ளத்தாக்குக்கு வரவழைக்க நான்கு முறை ஆள் அனுப்புகிறார்கள். நான்கு முறையும் ஒரே செய்தி, ஒரே பதில். ஐந்தாம் முறையும் ஆள் வருகிறான். ஆனால் இம்முறை அவன் கையில் முத்திரையிடாத கடிதம் இருக்கிறது, அதில் புதிய குற்றச்சாட்டு இருக்கிறது. நெகேமியா அதற்குக் கொடுத்த பதில் முந்தின பதில் அன்று. பிரசங்க மேடையிலிருந்து இப்பகுதியைப் பலமுறை எடுத்துப் பேசியிருக்கிறேன்; அவருடைய உறுதியைத்தான் எப்போதும் புகழ்ந்தேன். ஐந்தாம் கடிதத்தையும் அவர் கவனமாக வாசித்தார் என்பதை இப்போதுதான் கண்டேன்.

அந்தத் தாயாரைக் குறித்து, படித்தவர்கள் இப்படி ஏமாறலாமா என்று ஒரு சிலர் பேசியது என் காதில் விழுந்தது. அப்படிப் பேசாதிருங்கள். அவர் ஏமாந்தது அவருடைய அறியாமையால் அன்று. அக்கடிதம் நான் வழக்கமாக எழுதுகிறபடியே இருந்தது, அதனால்தான் ஏமாந்தார். கடந்த ஆண்டுகளில் சபை வாட்ஸ்அப் குழுவில் நானே எத்தனை முறை அவசரம் என்று எழுதியிருக்கிறேன் என்று பின்னோக்கிப் பார்த்தேன். கூரை ஒழுகியபோது அவசரம். ஒலிபெருக்கி பழுதானபோது அவசரம். மிஷனெரிக் காணிக்கைக்கு இன்று மாலைக்குள் என்று அவசரம். சில வேளைகளில், தேவையில் இருப்பவரின் மானத்தைக் காக்க எண்ணி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். திருடன் என் நடையை வாசித்துக் கற்றுக்கொண்டான். போதகர் பெயரால் பொய்க்கடிதம் அனுப்பிப் பரிசு அட்டைகளைக் கேட்டு வாங்கும் மோசடியைக் குறித்து அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2019ஆம் ஆண்டிலேயே மக்களை எச்சரித்திருக்கிறது. அதிலும் இதே மூன்று அடையாளங்கள்தாம்: தெரிந்தவரின் பெயர், அவசரம், பேச இயலாது என்ற சாக்கு.

தெரிந்தவரின் பெயர்தான் எப்போதும் கதவைத் திறக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய "ஐ லவ் யூ" வைரஸ், ஒருவரது கணினியில் நுழைந்தவுடன் அவருடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் அவர் பெயராலேயே காதல் கடிதம் அனுப்பியது. அந்நியன் அனுப்பியிருந்தால் எவரும் திறந்திருக்க மாட்டார்கள்.

அப்போஸ்தலனாகிய பவுலுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தம்முடைய பெயரைச் சுமந்து, தாம் எழுதாத ஒரு கடிதம் வந்தாலும் நிலைகுலைய வேண்டாம் என்ற கருத்தில் அவர் அவர்களை எச்சரிக்கிறார். அந்த நாட்களில் கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர் இருப்பது வழக்கம். ரோமருக்கு எழுதின நிருபத்தைக் கையால் எழுதியவர் தெர்தியு. அப்படியிருக்க, எது பவுலின் கடிதம், எது அல்ல என்று அறிவது எப்படி? அதே நிருபத்தின் கடைசியில் பவுல் தம் கையாலேயே வாழ்த்து எழுதி, தம் நிருபம் ஒவ்வொன்றிலும் இதுவே அடையாளம் என்கிறார். கவனிக்க வேண்டியது இது: விழிப்பாயிருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. தம்மை அடையாளம் காணும் வழியைத் தாமே கொடுக்கிறார். அந்தப் பொறுப்பு எழுதுகிறவனுடையது என்று அவர் எண்ணியதாக நான் புரிந்துகொள்கிறேன்.

நான் அதைச் செய்யவில்லை. இப்போது செய்கிறேன். இன்று முதல், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ நான் உங்கள் ஒருவரிடமும் பணம் கேட்க மாட்டேன். எவ்வளவு நெருக்கடியாயினும் கேட்க மாட்டேன். சபைத் தேவைகள் ஞாயிறு ஆராதனையில் பொருளாளரின் வாயால் அறிவிக்கப்படும். தனிப்பட்ட ஒருவருக்கு உதவி வேண்டுமானால் நான் உங்கள் வீட்டுக்கு வருவேன், அல்லது என் குரலில் பேசுவேன். இரகசியமாய் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத மாட்டேன். என் பெயரால் வேறு விதமாக எது வந்தாலும், எந்த நேரமாயினும் எனக்குப் போன் செய்யுங்கள். நடு இரவானாலும் தவறில்லை. ஜெப விண்ணப்பங்களை இனி மின்னஞ்சலில் விவரமாக எழுத வேண்டாம். பெயரை மட்டும் எழுதுங்கள், மீதியை நேரில் சொல்லுங்கள். ஆராதனைக்கு வர இயலாதவர்களுக்கு நானே போன் செய்கிறேன்.

பணம் போய்விட்டது என்று அறிந்தால் முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள்; அது இந்திய அரசின் இணையக் குற்ற உதவி எண். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கிடத்தக்கது. என்னிடம் வருவது அதற்குப் பிறகு இருக்கட்டும். நாங்களும் அழைத்தோம், ஆனால் பத்து நாள் கடந்திருந்தது. புகார் பதிவாயிற்று, பணம் திரும்பவில்லை. சபை அந்தத் தொகையைக் கொடுக்க முன்வந்திருக்கிறது. அந்தத் தாயார் இதுவரை வாங்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கே குடுத்துருங்க ஐயா, நான் அதுக்குத்தானே அனுப்புனேன்" என்கிறார். கமிட்டி இதைக் குறித்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

அலுவலகத்தில் இப்போது ஒரு சிறு ஒழுங்கு வைத்திருக்கிறோம். சிவப்புப் பெட்டி வந்தால் மூடுவதற்கு முன் அதில் குறிப்பிட்ட கடிதத்தின் தலைப்பையும் தேதியையும் தம்பி ஒரு நோட்டில் எழுதுகிறார். முன்பு கண்டதா, புதியதா என்று பார்க்கிறார். புதியதாயின் என்னையோ அந்த டெனர் இளைஞரையோ அழைக்கிறார். அவர் என்னை அழைப்பதை நிறுத்தும்படி செய்தவன் நான் என்பதை அவரிடம் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். முதலில் கூச்சப்பட்டார். பின்பு, "நீங்க சொன்னதுக்கு அப்புறமும் ரெண்டு தடவை கூப்பிடலாமான்னு நினைச்சேன் ஐயா" என்றார்.

கடந்த வியாழக்கிழமை அந்தத் தாயாருக்கு, மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டில் ஜெபத்திற்கு வருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒரு நிமிடத்திற்குள் போன் மணி அடித்தது. "ஐயா, இது நீங்கதானா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "சரி, அப்ப காப்பி போட்டு வைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.